புத்தகத் தலைப்பும் முன்பின் தெரியாத வாசகரும்

புகலிடத்தில் வெளியாகும் எங்கள் நூல்களின் தலைப்புகளைப் பற்றி எவரும் விமர்சனம் எழுதுவதில்லை. உள்ளடக்கம், உருவம், அரசியல் எல்லாம் பேசப்படுகின்றன. தலைப்பு மட்டும் நூலாசிரியரின் சொந்த விவகாரமாக விடப்படுகிறது. காரணம் உண்டு. எங்கள் நூல்கள் பெரும்பாலும் வெளியீட்டு விழாவிலேயே விற்பனையாகின்றன. வாங்குபவர் ஆசிரியருக்குத் தெரிந்தவர். கடித உறையில் பணத்தை வைத்துக் கொடுத்துப் பிரதியைப் பெற்றுச் செல்பவர். அவரது கண்ணைத் தலைப்பு பிடித்திழுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே வலிகள், வேர்கள், சிறகுகள் என்று பன்மைப் பெயர்ச்சொற்களாகவே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு நேரெதிரான ஓர் இடத்திலிருந்து பிரச்சினையைப் பார்க்கலாம். இங்கு பிறந்த எங்கள் பிள்ளைகளிற் சிலர் காசு கொடுத்து வாங்கும் 'ரோல்லஸ்பில்' நூல்களைச் சொல்கிறேன். மேசையைச் சுற்றியிருந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுக்கான நூல்கள். இவை முன்பின் தெரியாதவருக்கு விற்கப்படுபவை. வாங்கியவர் தனியே வாசித்து முடித்துவிடவும் இயலாது. இன்னும் மூன்று நான்கு பேரைச் சேர்த்தால்தான் ஆட்டம். ஆகவே தலைப்பு வாங்குபவரின் கண்ணுக்கு மட்டுமன்றி, சிநேகிதரைக் கூப்பிடும் அவரது வாய்க்கும் பொருந்த வேண்டும்.

1974இல் அமெரிக்காவில் கரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்கு முதல் நூல். முதற்பதிப்பு 1000 பிரதிகள். விற்றுத் தீரக் கிட்டத்தட்ட ஒரு வருடம். எங்களுக்குப் பரிச்சயமான கணக்குத்தான். தலைப்பில் இரண்டே பெயர்ச்சொற்கள். நிலவறை, நீ எங்கே போகப் போகிறாய் என்று சொல்கிறது. டிராகன், அங்கே யார் காத்திருக்கிறார் என்று சொல்கிறது. மோனையும் உண்டு. காகிதம், பென்சில், சிறு உருவங்கள் கொண்டு ஆடும் மத்தியகாலக் கற்பனைப் போர்களுக்கான விதிகள் என்ற விளக்கமெல்லாம் நீண்ட உபதலைப்புக்குப் போய்விட்டது. எங்களவர்கள் அந்த விளக்கத்தையே தலைப்பாக்குகிறார்கள். 1991இல் வந்த 'வம்பயர்: த மாஸ்கரேட்' இன்னொரு படி போயிற்று. அதன் முதற்சொல் எதிரியின் பெயரல்ல, வாங்குபவர் ஏற்கப்போகும் வேடத்தின் பெயர்.

நோர்வேயிலேயே எழுதப்பட்ட 'இத்ராஸ் பீ' (2008) எனக்கு இவற்றிலும் சுவாரஸ்யமானது. ஊலெ பேடர் கியேவரும் மார்டின் புல் குட்முண்ட்சனும் எழுதியது. இத்ரா என்ற தேவதையின் நகரம் என்று பொருள். 2012இல் ஆங்கிலத்தில் வந்தபோதும் பெயரை மாற்றவில்லை. ஆங்கிலேயருக்கு அது முடியாத வாக்கியம்போலத் தெரிந்திருக்கும். தெரியட்டுமே, யார் இந்த இத்ரா என்று புரட்டிப் பார்ப்பதற்கு அதுவே போதும்.

தமிழில் இதற்கு மறுதலையாக நடந்ததுண்டு. சுவீடிஷ் எழுத்தாளர் லாகர்க்விஸ்டின் 'பாரபாஸ்' நாவலை க.நா.சு. 'அன்பு வழி' என்று தந்தார். யேசுவுக்குப் பதிலாக விடுதலையான கள்வனின் பெயர் போய், பிரசங்கப் புத்தகத்தின் பெயர் வந்துவிட்டது. அதே க.நா.சு. ஹம்சுனுக்கு வைத்த 'நிலவளம்' எவ்வளவு பொருத்தம்!

இது இலக்கியத்தைப் பண்டமாக்கும் வாதம் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். விழாவில் உறை வாங்குவதும் சந்தைதான், கடமைச் சந்தை. உறையோடு வருபவர்களுக்கு வயதாகிறது. அவர்களின் பிள்ளைகள் அந்தக் கடமையைச் சுமக்கப் போவதில்லை, சுமக்க வேண்டியதும் இல்லை. அவர்களுக்கு நாம் முன்பின் தெரியாதவர்கள்.

எங்களிடமும் நல்ல உதாரணங்கள் உள்ளன. 1985இன் 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பின் தலைப்பில் ஒரு வினைமுற்று இருக்கிறது. வாசிப்பவரையும் சேர்த்துத்தான் 'வாழ்வோம்' என்கிறது. ஷோபாசக்தியின் 'ம்' (2004) ஒற்றை எழுத்து. கதை கேட்பவர் கொட்டும் 'ம்'. எல்லாவற்றுக்கும் தலையாட்டிப் பழகிய சனத்தின் 'ம்'மும் அதுதான். அந்த இரண்டாவது அர்த்தம் உறைத்தபின் புத்தகத்தைத் திரும்ப மேசையில் வைப்பது சுலபமல்ல. கடையில் கேட்டு வாங்குவதில் மட்டும் சிரமம் இருக்கிறது: "'ம்' இருக்கா?" என்றால் கடைக்காரரும் "ம்" என்றுதான் சொல்வார்.