அப்பளப் பாட்டு

சாப்பாட்டைப் பற்றிய எழுத்து தமிழில் நிறைய உண்டு. சமைப்பதைப் பற்றிய எழுத்து குறைவு. இரண்டும் ஒன்றல்ல. திருவண்ணாமலை என்கிற ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொண்டாலே இது தெரிந்துவிடும்.

15ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் வாழ்ந்த அருணகிரிநாதர், பிள்ளையாருக்குப் படைக்கிற பண்டங்களைத் திருப்புகழில் அடுக்கிக்கொண்டே போகிறார். அப்பமும் பிட்டும் அவலும் பொரியும் இளநீரும் தேனும் கரும்பும் வெள்ளரிப்பழமுமாகச் சந்தத்தின் வேகத்தில் ஒரு விருந்தே நம்முன் ஓடுகிறது. கேட்கச் சுகமாக இருக்கிறது. எனக்கும் பிடித்த பாட்டுத்தான். ஆனால் பிட்டை அவித்தது யார், மாவை இடித்தது யார் என்று அங்கே கேட்க இடமில்லை. பண்டங்கள் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடுகின்றன. பந்தியில் உட்கார்ந்திருப்பவனின் பார்வை அது.

அடுப்பங்கரையிலிருந்து பார்த்து எழுதின பாட்டு அதே ஊரில் சுமார் 400 வருஷங்களுக்கு மேல் கழித்துத்தான் வந்தது. ரமண மகரிஷியின் அப்பளப் பாட்டைச் சொல்கிறேன். 1896ல் திருவண்ணாமலைக்கு வந்த அவர், 1922ல் அடிவாரத்துக்கு இறங்குவதற்கு முன் இருபது வருஷங்களுக்கு மேல் மலைமேல்தான் வாழ்ந்தார். அங்கே மகனோடு இருக்க வந்த தாயார் அழகம்மாள், ஒரு நாள் அப்பளத்துக்கு வேண்டிய சாமான்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒத்தாசைக்குப் பிள்ளையைக் கூப்பிட்டார் என்பார்கள். பிள்ளை அப்பளம் இடவில்லை. பாட்டு எழுதிக் கொடுத்தார்.

அகங்காரம்தான் உளுந்து. 'நான் யார்' என்ற விசாரம் அதை உடைத்துப் பொடிக்கிற திரிகை. மிளகும் சீரகமும் அடக்கங்கள். உப்பு, பற்று விடுதல். மனத்தை உள்ளே திருப்புவது உலக்கை, சாந்தம் குழவி, சமநிலை பலகை. கடைசியில் மௌனம் என்ற பாத்திரத்தில், ஞானத்தீயில், பிரம்மம் என்ற நெய்யில் பொரித்தெடுக்க வேண்டியது.

தத்துவத்துக்கு உருவகம் பிடிப்பது நம்மவர்களுக்கு மலிவான வித்தை. உடம்பை வண்டி என்பார்கள், மனத்தைக் குரங்கு என்பார்கள். இரண்டு அடிக்குள் வண்டியும் குரங்கும் காணாமல் போய், உபதேசம் மட்டும் மிஞ்சும். இந்த மாதிரிப் பாட்டுக்கு நான் வைக்கிற சோதனை ஒன்றுதான்: தத்துவத்தை உருவிவிட்டால் அப்பளம் வருமா?

அப்பளம் இடுவதில் கைதேர்ந்தவள் எங்கள் அத்தை. அவளுக்கு ஒரு தரம் பாட்டைப் படித்துக் காட்டினேன். திரிகைக்குத் தலையாட்டினாள். மாவை உலக்கையால் இடிக்க வேண்டும் என்ற இடத்தில், "பரவாயில்லையே, தெரிஞ்சவர்தான்" என்றாள். முடிந்ததும், "ஏண்டா, காயப்போடவே இல்லையே!" என்றாள்.

உண்மைதான். பலகையிலிருந்து நேரே நெய்க்குப் போய்விடுகிறது பாட்டு; வெயிலே கிடையாது. நெய்யில் அப்பளம் பொரிக்கிற வீட்டையும் நான் பார்த்ததில்லை. இவற்றுக்கு உட்பொருள் கண்டுபிடித்துச் சமாதானம் சொல்கிறவர்கள் இருப்பார்கள். எனக்கு அது வேண்டியதில்லை. மற்றப் பக்குவமெல்லாம் சரியாக இருப்பதால்தான் இந்தக் குறை கண்ணில் படுகிறது.

பாட்டின் உயர்ந்த இடம் என்று நான் கருதுவது பிரண்டை. நல்லோர் சேர்க்கையைத் தேன் என்று யாரும் சொல்லிவிடலாம். இவர் பிரண்டைச் சாறு என்கிறார். நறுக்குகிற கையை அரிக்கும். உள்ளே போனால் ஜீரணத்துக்கு நல்லது. நல்லவர்களோடு பழகிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கையில் அரிப்பு எடுத்தவருக்குத்தான் இந்த உவமை தோன்றும்.

ஆனாலும் அன்றைக்கு அப்பளத்தைத் தாயார்தான் தனியாக இட்டிருக்க வேண்டும். அதைப் பாட்டு சொல்லவில்லை. 1922ல் அவர் மறைந்த பிறகு அவருடைய சமாதியைச் சுற்றியே ஆசிரமம் வளர்ந்தது. அந்த ஆசிரமத்துச் சமையற்கட்டில் மகரிஷி பல வருஷம் விடியுமுன் வந்து காய் நறுக்கினார், சட்னி அரைத்தார், காம்பையும் தோலையும் வீணாக்க விடாமல் சமைக்கச் சொன்னார். அதைப் பற்றி அவர் பாட்டு எழுதியதாகத் தெரியவில்லை.

பல்லவியில் அவர் அப்பளத்தை இட்டுப் பார்க்கச் சொல்கிறார். 1951ல் எஸ். மீனாட்சி அம்மாள் தம் சமையல் புத்தகத்துக்குச் 'சமைத்துப் பார்' என்று பெயர் வைத்தார். இரண்டிலும் அதே 'பார்'. கண்ணால் பார்ப்பதல்ல இது. செய்தால் தெரியும், தப்பினால் மறுபடி செய் என்கிற பார். அவருடைய புத்தகத்தை ஆங்கிலத்தில் 'குக் அண்ட் ஸீ' ஆக்கினார்கள். சமைத்துவிட்டு எதையோ வேடிக்கை பார்க்கச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

அப்பளம் ஊருக்கு ஊர் வேறு. வடக்கே மசாலா சேர்த்துத் தணலில் சுடுகிறார்கள். கேரளத்தில் உப்பிப் பொரிவதைப் பாயசத்தில் நொறுக்கிப் போட்டுக்கொள்கிறார்கள். லண்டனில் இந்திய ஓட்டலுக்குப் போனால், சாப்பாடு வருமுன் பசியைக் கிளப்ப அதைத்தான் முதலில் வைக்கிறார்கள். நமக்கு அது ரஸ சாதத்துக்குத் துணை. 1959ல் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள், 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இட ஆரம்பித்தார்கள். லிஜ்ஜத் அப்படிப் பிறந்தது. அவர்களிடம் வெயில் இருந்தது.

அதே 1959ல் ஆர்தர் ஆஸ்பர்ன் பதிப்பித்த மகரிஷியின் நூல் திரட்டு லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தத்துவம் எந்தப் பாஷைக்கும் போய்விடும். பிரண்டைக்குத் தாவர நூலில் பெயர் தேடிப் போடலாம். அரிப்பைப் போட முடியாது. நான் மொழிபெயர்க்கிறவனாக இருந்தால் பிரண்டையைப் பிரண்டை என்றே விட்டிருப்பேன்.