பாட்டி வாசிக்கவிடாத பக்கங்கள்

ஹோவர்ட் தர்மனின் பாட்டி அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஃப்ளோரிடாவில் அவருக்கு பைபிள் வாசித்துக் காட்டுவது சிறுவன் தர்மனின் வேலை. சங்கீதம் வாசிக்கலாம், ஏசாயா வாசிக்கலாம், சுவிசேஷங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கலாம். பவுலின் நிருபங்களை மட்டும் தொடக்கூடாது. எப்போதாவது ஒருமுறை, கொரிந்தியருக்கு எழுதியதில் அன்பைப் பற்றிய 13ஆம் அதிகாரத்துக்கு அனுமதி உண்டு. ஏன் என்று கேட்க தர்மனுக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தைரியம் வந்தது. முதலாளி அழைத்துவந்த வெள்ளைப் போதகர் வருஷத்துக்கு மூன்று நான்கு தடவையாவது பவுலை எடுத்து, அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பிரசங்கம் செய்வாராம். விடுதலையும் கிடைத்துப் படிக்கவும் தெரிந்துவிட்டால் அந்தப் பகுதியைத் தொடவே மாட்டேன் என்று பாட்டி அன்றே சபதம் எடுத்துக்கொண்டார்.

1949இல் வந்த 'ஜீசஸ் அண்ட் த டிஸின்ஹெரிட்டட்' நூலில் தர்மன் இதைச் சொல்கிறார். ஒடுக்கப்பட்டவர்களின் பைபிள் வாசிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு புகார் வரும்: "இவங்க தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கறாங்க." ஆமாம், பாட்டி எடுத்துக்கொண்டார். ஆனா கத்தரியை முதல்ல கையில எடுத்தது யாரு? 1807இல் லண்டனில், பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின அடிமைகளுக்கென்றே ஒரு பைபிள் அச்சானது. இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு வெளியேறும் கதை அதில் கிடையாது. பத்துக் கட்டளைகள் உண்டு. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 6ஆம் அதிகாரமும் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பதிப்பு வாசலை அடைத்தது. பாட்டி சாட்டையைத் தூக்கி எறிந்தார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

(நம் பழைய தமிழ் பைபிளில் அதே எபேசியர் வசனத்தைத் திறந்து பாருங்கள். அங்கே 'வேலைக்காரர்' என்றுதான் இருக்கும். ஆதியாகமத்தில் ஆகார் மட்டும் 'அடிமைப்பெண்'. மொழிபெயர்ப்பும் ஒரு வாசிப்புத்தானே.)

அடைத்த வாசல் நிற்கவில்லை. அமெரிக்க அடிமைகள் யாத்திராகமத்தைப் பாட்டாகவே பாடினார்கள். தப்பிவந்து, திரும்பிப் போய் மற்றவர்களையும் மீட்டு வந்த ஹேரியட் டப்மனை 'மோசே' என்றார்கள். பிறகு ஜேம்ஸ் கோன் போன்ற கறுப்பின இறையியலாளர்கள் கடவுள் ஒடுக்கப்பட்டவர்களின் பக்கம் நிற்பவர் என்பதற்கு இதே கதையை ஆதாரமாக்கினார்கள்.

இந்த இடத்தில்தான் ராபர்ட் ஆலன் வாரியர் குறுக்கே வருகிறார். ஓசேஜ் பழங்குடியைச் சேர்ந்தவர். 1989இல் அவர் எழுதிய கட்டுரை சின்னது, ஆனால் படித்துவிட்டு யாத்திராகமத்தைப் பழைய மாதிரி வாசிக்க முடியாது. அவர் சொல்வது இதுதான்: கதையை செங்கடலோடு நிறுத்திவிடாதீர்கள். விடுதலையானவர்களுக்கு வாக்களிக்கப்பட்ட நிலத்தில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். அமெரிக்கப் பழங்குடி வாசகர் தன்னைத் தேடினால் மோசேயின் கூட்டத்தில் கிடைக்க மாட்டார், கானானியரில்தான் கிடைப்பார். எகிப்தில் விடுவித்த அதே கடவுள் எரிகோவில் படையெடுக்கச் சொல்கிறார். அப்படி நடக்கவே இல்லை என்று அகழாய்வு சொல்லலாம். அதனால் என்ன? பியூரிட்டன் போதகர்கள் பழங்குடியினரைக் கானானியர், அமலேக்கியர் என்று அழைத்தது இந்தக் கதையை வைத்துத்தான்.

இதை யூதர்கள்மீது குற்றப்பத்திரிகையாக வாசிப்பது சோம்பேறித்தனம். வாரியரின் கோபம், தங்களை இஸ்ரவேலாகக் கற்பனை செய்துகொண்டு கப்பலில் வந்திறங்கியவர்கள்மீதும், கானானியரைக் கவனிக்காமலே விடுதலை பேசும் இறையியலாளர்கள்மீதும். யூத மரபிலேயே பஸ்கா விருந்தில் எகிப்தின் வாதைகளைச் சொல்லும்போது கிண்ணத்திலிருந்து துளித்துளியாகத் திராட்சரசத்தை எடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. எகிப்தியர் பட்ட பாட்டை நினைத்து மகிழ்ச்சியைக் குறைத்துக்கொள்வது என்று அதற்குப் பலரும் விளக்கம் தருகிறார்கள்.

யோசுவாவின் புத்தகத்தைப் பொறுத்தவரை நான் வாரியரின் பக்கம். ஆனால் பழங்குடிகள் விடுதலைக்கு பைபிளை நம்பியிருக்க வேண்டுமா என்ற அவருடைய சந்தேகத்தோடு முழுசா ஒத்துப்போக முடியவில்லை. தடுப்பது ஆகார்தான்.

டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் எழுதிய 'சிஸ்டர்ஸ் இன் த வில்டர்னஸ்' முழுக்க ஆகாரைச் சுற்றி நகர்கிறது. எஜமானியின் கொடுமை தாங்காமல் கர்ப்பத்தோடு ஓடிய ஆகாரைக் கடவுள் விடுவிக்கவில்லை, திரும்பிப் போகச் சொல்கிறார். இரண்டாம் முறை பிள்ளையோடு துரத்தப்பட்டபோது ஒரு நீரூற்றைக் காட்டுகிறார், அவ்வளவுதான். எஜமானின் பிள்ளையைச் சுமக்க வைக்கப்பட்ட கறுப்பினப் பெண்களுக்கு இது அந்நியக் கதை இல்லை. விடுதலை ஒன்றையே பேசிய கறுப்பின ஆண்களின் இறையியலைப் பார்த்து வில்லியம்ஸ் சொல்கிறார்: எல்லாருக்கும் செங்கடல் பிளக்கவில்லை, சிலருக்குப் பிழைத்துக் கிடக்கும் வழிதான் கிடைத்தது.

ஆகார் எகிப்துக்காரி. சாராய் அவளை ஒடுக்கியதைச் சொல்லும் எபிரெய வினைச்சொல்தான், பிறகு எகிப்து இஸ்ரவேலரை ஒடுக்கியதற்கும் வருகிறது. யாத்திராகமத்தில் எகிப்தின் கையில் போகும் சாட்டை ஆதியாகமத்தில் எபிரெய வீட்டில் இருக்கிறது. இதை எந்தச் சிறுபான்மை வாசகரும் வெளியிலிருந்து கொண்டுவந்து செருகவில்லை. பிரதியே இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறது. அந்தப் புத்தகத்தில் கடவுளுக்குப் பெயர் வைப்பதும் ஆகார்தான், சாராய் அல்ல.

ஆதியாகமம் 21இல் அவள் செய்வதாக வரும் கடைசிக் காரியம் ஒரே வரிதான். மகன் வளர்ந்து வில்லாளியாகிறான். ஆகார் யாரிடமும் கேட்காமல், தன் எகிப்திலிருந்தே அவனுக்குப் பெண் எடுக்கிறாள்.