பிக்சல்ஜங்க் மான்ஸ்டர்ஸ்: முதல் சில மணி நேரங்கள்

பிக்சல்ஜங்க் மான்ஸ்டர்ஸ் என்பது பிளேஸ்டேஷன் 3 கன்சோலுக்காக உருவாக்கப்பட்ட கோபுரத் தற்காப்பு வகை வீடியோ கேம் ஆகும். ஜப்பானின் கியோத்தோ நகரிலுள்ள கியூ-கேம்ஸ் நிறுவனம் இதனை உருவாக்கியது. 2007 இறுதியில் ஜப்பானிலும், 2008 சனவரியில் வட அமெரிக்காவிலும் இணையவழித் தரவிறக்கமாக வெளியானது. இந்நிறுவனத்தை 2001-இல் தொடங்கிய டிலன் கத்பர்ட், 1993-இல் வந்த ஸ்டார் ஃபாக்ஸ் விளையாட்டின் உருவாக்கத்தில் பங்கேற்ற பிரித்தானிய நிரலாளர்.

கோபுரத் தற்காப்பு என்ற வகையை அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம் தேவை. எதிரிகள் ஒரு பாதையில் அலை அலையாக வருவார்கள். பாதையின் ஓரங்களில் ஆயுதம் தாங்கிய கோபுரங்களை எழுப்பி, அவர்கள் கடைசி இலக்கை அடைவதற்குள் அழிக்க வேண்டும். கொன்ற எதிரிக்குக் காசு கிடைக்கும். அந்தக் காசில் அடுத்த கோபுரம் எழும்பும். 2002-இல் வெளியான வார்கிராஃப்ட் 3 விளையாட்டுக்கு ரசிகர்களே உருவாக்கிய வரைபடங்கள் வழியாக இவ்வகை பரவியது. 2007-இல் இணைய உலாவியில் இலவசமாகக் கிடைத்த டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ் அதை அலுவலக மேசை வரை கொண்டுவந்தது. இவை பெரும்பாலும் கணினிச் சுட்டியை நம்பியவை. ஆடுபவர் களத்தில் இருப்பதில்லை. மேலிருந்து பார்த்து, வேண்டிய இடத்தில் சொடுக்கினால் கோபுரம் தோன்றிவிடும்.

கன்சோலில் சுட்டி கிடையாது. அம்புக்குறியைக் கைப்பிடியின் குச்சியால் தள்ளிக்கொண்டு அலைவது எரிச்சலூட்டும் வேலை. கியூ-கேம்ஸ் இந்தச் சிக்கலுக்குக் கண்ட தீர்வுதான் இந்த விளையாட்டின் உயிர்நாடி. அம்புக்குறியையே நீக்கிவிட்டு, அதன் இடத்தில் நடந்து திரியும் ஓர் உருவத்தை நிறுத்தினார்கள். முகமூடி அணிந்த அந்தக் காட்டுவாசியின் பெயர் டிகிமேன். அவனுடைய குடிசையில் இருபது குஞ்சுகள் இருக்கின்றன. குடிசையை எட்டும் பூதங்கள் அவற்றைப் பலி கொள்கின்றன. இருபதும் போனால் ஆட்டம் முடிந்தது.

முதல் பார்வையில் இது சிறுவர்க்கான விளையாட்டாகவே தோன்றும். கையால் வரைந்தது போன்ற இருபரிமாணப் படங்கள், பசுமையான காடு, ஓட்டோகிராஃப் அமைத்த அமைதியான இசை, குட்டைக் கால்களால் தத்தித் தத்தி நடக்கும் நாயகன். தொடக்கக் கட்டங்களில் அம்புக் கோபுரம், பீரங்கிக் கோபுரம், வான் எதிர்ப்புக் கோபுரம் என மூன்றே கருவிகள். பீரங்கி தரையில் வருபவற்றை மட்டும் தாக்கும். வான் எதிர்ப்பு பறப்பவற்றை மட்டும். அம்பு இரண்டையும் தாக்கும், ஆனால் வலிமை குறைவு. இதைப் புரிந்துகொள்ளச் சில நிமிடங்கள் போதும். இவ்வளவுதானா என்று நினைக்கும்போதுதான் ஆட்டம் தன் இயல்பைக் காட்டத் தொடங்குகிறது.

கொல்லப்பட்ட பூதம் சிந்தும் காசு தானாகக் கணக்கில் சேர்வதில்லை. டிகிமேன் ஓடிப்போய்ப் பொறுக்க வேண்டும். தாமதித்தால் மறைந்துவிடும். போகும் வழியில் பூதத்தின் மீது இடித்துக்கொண்டால் கையிலிருந்த காசும் சிதறும். களத்தின் ஒரு முனையில் காசு கிடக்க, மறுமுனையில் பறக்கும் கூட்டம் நுழைய, நடுவில் நிற்கும் நாயகனுக்கு இரண்டு கால்கள் மட்டுமே. பிற கோபுரத் தற்காப்பு விளையாட்டுகளில் பற்றாக்குறை பணத்தில் மட்டுமே இருக்கும். இங்கே தூரமும் நேரமும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன. சந்தையில் கடையையும் கல்லாவையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்பவரின் தவிப்பு இதில் இருக்கிறது.

கோபுரத்தின் முன் டிகிமேன் நின்றால் நடனமாடத் தொடங்குவான். ஆட ஆட, அந்தக் கோபுரத்தின் தரம் மெதுவாக உயரும். காண்பதற்கு வேடிக்கை, உண்மையில் இது கடினமான ஒரு கணக்கு. ஆடும் நேரத்தில் காசு பொறுக்க முடியாது. பொறுக்கும் நேரத்தில் ஆட முடியாது. பூதங்கள் எப்போதாவது விட்டுச்செல்லும் மணிக்கற்களிலும் இதே இழுபறிதான். ஒரு கல்லைக் கொடுத்து ஒரு கோபுரத்தை உடனே உயர்த்திக்கொள்ளலாம். அல்லது கற்களைச் சேமித்து, குடிசைக்குத் திரும்பி, தீ, பனி, மின்சாரம் போன்ற புதிய கோபுர வகைகளைத் திறக்கலாம். முதல் ஆட்டங்களில் பெரும்பாலோர் கல்லை அவசரத்தில் செலவழித்துவிட்டுப் பிறகு வருந்துவார்கள்.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. ஒரு குஞ்சையும் இழக்காமல் கட்டத்தை முடித்தால் மட்டுமே வானவில் கிடைக்கும். வரைபடத்தில் அடுத்த பகுதிகளுக்குச் செல்லும் வழி திறக்கக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வானவில்கள் வேண்டும். இருபதில் பத்தொன்பதைக் காப்பாற்றியவரும் வானவில்லைப் பொறுத்தவரை வெறுங்கையோடு நிற்கிறார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கிய மாணவனைத் தேறவில்லை என்று திருப்பியனுப்பும் தேர்வு இது. அதைவிடப் பெரிய குறை, தவறு நடக்கும் இடமும் அது தெரியவரும் இடமும் வெகு தொலைவில் இருப்பது. மூன்றாம் அலையில் தவறான மரத்தில் வைத்த பீரங்கியின் விளைவு கடைசி அலையில்தான் வெளிப்படும். அதற்குள் நெடுநேரம் கழிந்திருக்கும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கே பிழைத்தோம் என்று ஆட்டம் சுட்டிக்காட்டுவதில்லை. கடினம் என்பது வேறு, காரணம் சொல்லாமல் தண்டிப்பது வேறு. அழகிய தோற்றத்தை நம்பிச் சிறு பிள்ளைகளுக்கு இதை வாங்கிக் கொடுப்பவர்கள் இதை முன்பே அறிந்திருப்பது நல்லது.

ஆனால் இரண்டாவது கைப்பிடியை இணைத்தால் இந்தக் கடுமை வெகுவாகத் தணிகிறது. ஒரே திரையில் இருவர் ஆடலாம். ஒருவர் காசு பொறுக்க, மற்றவர் கோபுரத்தின் முன் ஆட, தனியாளாகச் செய்ய முடியாத வேலைப் பங்கீடு இயல்பாகவே உருவாகிறது. யார் எந்த மரத்தை எடுப்பது என்ற வாக்குவாதமும் கூடவே வரும். தமையனும் தங்கையும் அருகருகே அமர்ந்து ஆடுவதற்கு ஏற்றது இந்த வடிவமே. தனியாக ஆடி வெறுத்தவர்கள் இதை ஒருமுறையாவது முயல வேண்டும்.

விளையாட்டு வெளிப்படையாகச் சொல்லாத ஒரு முரணும் இதில் உண்டு. கோபுரம் வெற்றுத் தரையில் எழுவதில்லை. ஒரு மரம்தான் கோபுரமாக மாறுகிறது. காட்டில் வாழும் ஒருவன் தன் குஞ்சுகளைக் காக்கக் காட்டையே ஒவ்வொன்றாக ஆயுதமாக்குகிறான். எனவே கட்டம் தொடங்கியவுடன் பார்க்க வேண்டியது பாதையை அன்று, மரங்கள் நிற்கும் இடங்களை. பாதை வளையும் மூலையில் மூன்று மரங்கள் நெருங்கி நின்றால் அது பெருஞ்செல்வம். இதை உணர்ந்தபின் ஆடுபவரின் கண், அழகான காட்டைப் பார்ப்பதை விட்டு, எதை எப்போது மாற்றலாம் என்று எண்ணத் தொடங்கிவிடும். கடைசிப் பூதம் விழும்போது, பாதையோரத்தில் மரமாகவே நிற்பவை சிலவே இருக்கும்.