அறுசுவை என்னும் ஒரு சொல்

மாணவர் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர் அனைவரும் நன்கறிந்த வாக்கியம் ஒன்றுண்டு. "அம்மா அறுசுவை உணவு சமைத்தார், நாங்கள் அனைவரும் சுவைத்து உண்டோம்" என்பதே அது. தீபாவளியைப் பற்றி எழுதினாலும், பிறந்தநாளைப் பற்றி எழுதினாலும், கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்திக்குச் சுற்றுலா சென்றதைப் பற்றி எழுதினாலும் இவ்வாக்கியம் தவறாமல் வந்து அமர்ந்துகொள்கிறது. மாணவர்மேல் மட்டும் பழி சுமத்துவதற்கில்லை. நம் சிறுகதைகளிலும் விருந்து என்றால் அறுசுவை, பசி என்றால் வயிற்றைக் கிள்ளுதல், ஏழ்மை என்றால் கூழும் கஞ்சியும் என்று வழக்கமான சில சொற்களே மாறி மாறி வருகின்றன.

அறுசுவை என்பதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, கைப்பு, உவர்ப்பு, துவர்ப்பு என்பன ஆறு. பிறந்தநாள் விருந்தில் கைப்பும் துவர்ப்பும் எங்கிருந்து வந்தன? பாகற்காயும் வாழைப்பூவும் இலையில் இருந்தன என்று அந்த மாணவன் சொல்லவில்லை. அவன் உண்ட கோழிக் குழம்பின் உறைப்பையோ, மூக்கில் நீர் வழிந்ததையோ அவன் எழுதவுமில்லை. ஆறு சுவையைக் கூறுவதாகச் சொல்லி ஒரு சுவையையும் கூறாமல் விட்டுவிட்டான். மனப்பாடம் செய்த சொற்றொடருக்கு முன்பெல்லாம் தேர்வைக் காரணம் காட்டினோம். ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்ட பின்னரும் சொற்றொடர் நீங்கவில்லை. ஆகவே காரணம் நம்மிடமே இருக்கிறது எனல் வேண்டும்.

இக்குறையைப் போக்க விரும்புவோர் கைக்கொள்ளும் மருந்து ஒன்றுண்டு. உண்ணுதலைக் குறிக்கும் பன்னிரண்டு சொற்களின் பட்டியல் அது. அருந்துதல், உண்ணல், உறிஞ்சல், குடித்தல், தின்னல், துய்த்தல், நக்கல், நுங்கல், பருகல், மாந்தல், மெல்லல், விழுங்கல் என்று அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் எழுதி, வகுப்பறைச் சுவரில் ஒட்டிவிடுகிறோம். தமிழின் வளத்தைக் காட்டுவதால் அது போற்றத்தக்கதே. ஆயினும் அதில் வரையறுத்துள்ள பொருள்கள் இலக்கிய ஆட்சியோடு எங்கும் ஒத்துச் செல்வனவல்ல. அருந்துதல் என்பது மிகச் சிறிய அளவு உட்கொள்ளல் என்கிறது பட்டியல். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் (942) முன்னர் உண்ட உணவு செரித்ததை அறிந்து பின்னர் உண்ணுமாறு கூறும் வள்ளுவர், அந்த முந்தைய உணவைக் குறிக்க ஆள்வது அருந்துதல் என்னும் சொல்லையே. அங்கே சிற்றளவு என்னும் கருத்துக்கு இடமில்லை. துய்த்தல் என்பது உணவைச் சுவைத்து மகிழ்தல் என்பர். ஊழ் அதிகாரத்தில் (377) கோடி தொகுத்தவர்க்கும் அரிதென்று வள்ளுவர் கூறும் துய்த்தல், செல்வத்தின் பயனை நுகர்தல் ஆகும். பட்டியல் ஒரு தொடக்கமே என்பதை ஆசிரியர் மறக்கலாகாது.

இனி, நம் இலக்கணம் இதனை எவ்வாறு நோக்கியது என்று காண்போம். தொல்காப்பியக் கிளவியாக்கத்தில் ஓர் அரிய விதி உண்டு. வெவ்வேறு வினைக்குரிய பொருள்களைத் தன்னுள் அடக்கிய பொதுச்சொல்லுக்கு, அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையைக் கொடுத்துக் கூறலாகாது என்பது அது. உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் சொல் அடிசில். அடிசில் என்பதனுள் உண்பனவும் தின்பனவும் பருகுவனவும் நக்குவனவும் அடங்கும். ஆதலின் அடிசிலைத் தின்றார் என்றோ பருகினார் என்றோ கூறுதல் வழு. அயின்றார், மிசைந்தார் எனப் பொதுவினையால் கூறுதலே மரபு. சோற்றை உண்ணுதல், பழத்தைத் தின்னுதல், பாலைப் பருகுதல், தேனை நக்குதல் என்று பொருளுக்கேற்ப வினை மாறும். நன்னூலாரும் இவ்விதியைப் போற்றிக்கொண்டார். இன்று நம் பேச்சில் சாப்பிடுதல் என்பதே அப்பொதுவினையாகிவிட்டது. சோறும் சாப்பிடுகிறோம், காப்பியும் சாப்பிடுகிறோம், மாத்திரையும் சாப்பிடுகிறோம். பொதுவினை வேண்டிய இடத்தில் அது குற்றமன்று. ஆனால் சிறப்புவினை வேண்டிய இடத்திலும் அதுவே வந்து நின்றால் உணவு கண்ணுக்குத் தெரியாமற் போகிறது.

சங்கப் புலவர் இவ்வுண்மையை நன்குணர்ந்தவர். குறுந்தொகையின் 167ஆம் பாடல் கூடலூர் கிழார் பாடியது. புதுமணப் பெண் தானே முற்றிய தயிரைப் பிசைகிறாள். அக்கையைத் துடைத்த ஆடையை மாற்றாமலே உடுத்திருக்கிறாள். தாளிப்பின் புகை அவள் கண்ணில் படிகிறது. கணவன் உண்டுவிட்டு இனிது என்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மகிழ்கிறது. சுவையைப் பற்றி அப்பாட்டில் உள்ள தீர்ப்பு அவ்வொரு சொல்லே. அதுவும் எளிய சொல். அச்சொல்லுக்கு முன் விரலும் துணியும் புகையும் வந்துவிட்டதனால் அது நம் நாவில் ஊறுகிறது. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் வேறு வழியை மேற்கொள்கிறார். கரிகாலன் தந்த ஊனை இரவும் பகலும் தின்ற பொருநனின் பற்கள், கொல்லையை உழுத கொழுவைப் போல மழுங்கின என்கிறார். மிகுதியாக உண்டான் என்னும் செய்தி பல்லின் தேய்வாகத் தெரிகிறது. இவ்விருவரும் அடைமொழியை நம்பவில்லை. வினையையும் பொருளையும் நம்பினர்.

நிற்க. இத்துணையும் எழுதும் நான் ஒரு காலத்தில் இதற்கு மாறாக நடந்தவன் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். பயிற்சி முடித்துத் தோட்டப்பள்ளிக்கு வந்த புதிதில், ஒரு மாணவன் "காலையில் பசியாறிவிட்டுப் பள்ளிக்கு வந்தோம்" என்று எழுதியிருந்தான். பேச்சு வழக்கு என்று சிவப்பு மையால் அடித்து, "காலை உணவு உண்டுவிட்டு" என மேலே எழுதினேன். அவன் ஏட்டைப் பார்த்துவிட்டு, "பசி ஆறுச்சே சார்?" என்றான். அன்று நான் விடை கூறவில்லை.

பசியாறுதல் என்பது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர் காலை உணவுக்கு வழங்கிவரும் சொல். தமிழ்நாட்டில் அவ்விடத்தை டிபன் என்னும் சொல் பிடித்துக்கொண்டது. சினம் ஆறுவதும், புண் ஆறுவதும், சூடு ஆறுவதும் எவ்வாறோ அவ்வாறே பசியும் ஆறுகிறது. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, தூக்குச்சட்டியைத் திறந்த ஒருவருக்குப் பசி என்பது உடம்பின் வெப்பமே. பசியாற்றல் என்னும் ஆட்சி ஈகை அதிகாரத்தில் (225) உள்ளது. பசியைப் பொறுத்துக்கொள்ளும் ஆற்றலினும், பிறர் பசியை ஆற்றும் ஆற்றலே பெரிது என்பது அக்குறளின் கருத்து. குறளின் உறவுடைய சொல்லை அடித்துவிட்டு, உயிரற்ற தொடரை எழுதியவன் நான். "பசியாறிட்டுப் போங்க" என்று வாசலில் நின்று அழைக்கும் நம் மூதாட்டிகளின் மொழியைச் செந்தமிழன்று என எந்த இலக்கணத்தைக் கொண்டு தள்ளுவது?

இத்தகைய சொற்கள் நம் வட்டாரத்தில் இன்னும் பல உள. சோறு குழைந்தது, விறைத்தது, அடிப்பிடித்தது, காந்தியது. குழம்பு நீர்த்தது, வற்றியது, ஊசிப்போனது. கருணைக்கிழங்கு தொண்டையில் காறியது. மிளகாய் வறுக்கையில் கமறியது. மீனில் கவிச்சி போகவில்லை. மசாலாவில் பச்சை வாடை நிற்கிறது. தோசையை வார்க்கிறோம், இடியப்பத்தைப் பிழிகிறோம், வடையைத் தட்டுகிறோம், கீரையைக் கடைகிறோம், களியைக் கிண்டுகிறோம். கடலையைக் கொறிக்கிறோம், புட்டைப் பிசைகிறோம், ஊறுகாயைத் தொட்டுக்கொள்கிறோம், வெங்காயத்தைக் கடித்துக்கொள்கிறோம். இவற்றுள் ஒன்றையேனும் நிகண்டைத் திறந்து தேடவேண்டியதில்லை. ஆனால் இவை அடுப்படியோடு வாழ்பவை. இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தையின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை பயிரிடப்பட்டது. பின்னர்ப் பால்மரம் குறைந்தது. பல இடங்களில் லயங்களும் கலைந்தன. குடும்பங்கள் தாமான்களுக்குப் பெயர்ந்தன. பொட்டலத்தில் வாங்கிய உணவைப் பிரிக்கும் வீட்டில், காந்தல் என்ற சொல்லைப் பிள்ளை எங்கே கேட்பான்? பள்ளி கற்பிக்காவிடில் ஒரு தலைமுறையில் அவை மறைந்துபோகும்.

அப்படியாயின் நாசி லெமாக்கையும் சம்பலையும் பிளாச்சானையும் கட்டுரையில் விடலாமா என்று ஆசிரியர் சிலர் கேட்கின்றனர். பொருளின் பெயர் பொருளோடு வரும்; அதனைத் தடுத்தல் வீண். தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கு இடமளித்தார். மலாய்ச் சொல் அவ்விலக்கணத்துள் நேரே அடங்காவிடினும் அதன் நோக்கம் நமக்கு வழிகாட்டும். அமெரிக்கக் கண்டத்துக் காயொன்று கடல் கடந்து வந்தபோது, தமிழர் தம் மிளகை நினைந்து மிளகாய் என்றனர். அங்கிருந்தே வந்த கிழங்கை வள்ளியோடு சேர்த்து மரவள்ளி என்றனர். 1941 முதல் 1945 வரை நீண்ட சப்பானியர் காலத்தில் நம் முன்னோரைக் காத்த கிழங்கு அதுவே. பட்டினப்பாலையில் மிளகைக் குறித்த கறி என்னும் சொல் இன்று மலாயிலும் ஆங்கிலத்திலும் உலவுகிறது. கொடுத்தும் கொண்டும் வாழ்ந்த மொழிக்கு நாசி லெமாக்கால் இழுக்கு வாராது. ஆயின் பெயரை மலாயிலிருந்து எடுத்தாலும் வினை தமிழாக இருத்தல் வேண்டும். இலையைப் பிரித்தான், சம்பலைக் குழைத்தான், நெத்திலியைக் கொறித்தான் என்று எழுதட்டும்.

தமிழாசிரிய நண்பர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். அடுத்த உணவுக் கட்டுரையில் அறுசுவை, சுவையான, ருசியான என்னும் மூன்று சொற்களை மட்டும் விலக்கிவிட்டு எழுதச் சொல்லுங்கள். வீட்டில் பாட்டியிடம் கேட்டு ஐந்து சமையல் வினைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் வாரம் பிள்ளைகள் திகைப்பர். என் பள்ளியிலும் திகைத்தனர். இரண்டாம் வாரம் ஒரு சிறுமி, ஜெராமில் வாங்கி வந்த நண்டைப் பற்றி எழுதினாள். கொடுக்கை அம்மியில் வைத்து நசுக்கியதையும், ஓட்டை உறிஞ்சியதையும், எத்தனை முறை கழுவியும் விரலில் கவிச்சி போகாததையும், மறுநாள் வகுப்பில் தன் விரலைத் தானே மோந்து பார்த்ததையும் எழுதியிருந்தாள். எழுத்துப்பிழை நான்கு இருந்தது. அவற்றைத் திருத்தினேன். வேறெதனையும் தொடவில்லை.