நகையும் அச்சமும்: தாய்லாந்துத் தொடர்கள் இரண்டு

கதை கேட்பது தமிழ் முஸ்லிம் இல்லங்களுக்குப் புதிய பழக்கமன்று. 1572ஆம் ஆண்டில் அரங்கேறிய 'ஆயிரம் மசலா' தொடங்கி, கிஸ்ஸா, நாமா, படைப்போர் என்று நம் முன்னோர் வகைவகையாகக் கதை சொன்னார்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் இராகத்தோடு வாசிக்க, வீட்டுப் பெண்கள் சுற்றியமர்ந்து கேட்பது வழக்கமாக இருந்தது. அந்தக் கூடத்தில் சிரிப்பும் இருந்தது. கியாமத்து நாளை எண்ணி நடுங்கும் அச்சமும் இருந்தது. இரண்டும் உள்ளத்தைப் பண்படுத்தவே வந்தவை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அந்தக் கூடத்துக்குக் கைபேசி வழியே பல நாட்டுக் கதைகள் வந்து சேர்கின்றன. கொரியத் தொடர்களுக்கும் துருக்கித் தொடர்களுக்கும் பின்னால் தாய்லாந்துத் தொடர்களும் வந்துவிட்டன. மொழி தெரியாதது தடையாகவில்லை. திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைக் கல்லூரிக்குப் போகும் மகள் தமிழில் சொல்ல, தாயும் பாட்டியும் கேட்டுக்கொள்கிறார்கள். எவற்றைப் பிள்ளைகள் பார்க்கலாம் என்ற கேள்வி எழும்போது, பெற்றோர் பெரும்பாலும் ஒரே அளவுகோலைக் கையில் எடுக்கிறார்கள்: சிரிக்க வைப்பது நல்லது, அச்சுறுத்துவது தீது. இந்த அளவுகோல் போதுமானதா என்பதே நம் கேள்வி. ஒன்றுக்கொன்று நேர்மாறான சுவையுடைய இரு தொடர்களை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாவது, 'புப்பே சன்னிவாத்'. 2018 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தாய்லாந்தின் மூன்றாம் அலைவரிசையில் ஒளிபரப்பாகி அந்நாட்டையே ஆட்கொண்ட தொடர் இது. ரோம்பேங் என்னும் புனைபெயருடைய பெண் எழுத்தாளரின் நாவலே இதற்கு மூலம். தலைப்பு பாலிச் சொற்களால் ஆனது. முற்பிறப்பில் கூடி வாழ்ந்த தொடர்பு என்பது அதன் கருத்து. நம் காலத்துத் தொல்லியல் மாணவி கேத்சுராங், பருத்த உடலும் நல்ல மனமும் உடையவள், கார் விபத்தில் இறந்துபோகிறாள். கண் விழிக்கும்போது நாராய் மன்னரின் அயோத்தியா நகரில், காரகேத் என்னும் செல்வப் பெண்ணின் உடலில் இருக்கிறாள். காரகேத் என்பது தாழம்பூவின் பெயர். ஆனால் அந்தப் பெண்ணிடம் மணம் இல்லை. முள் மட்டுமே இருந்தது. பணிப்பெண்களை அடிப்பவள், பொறாமையால் படகைக் கவிழ்க்கச் செய்து ஓர் ஏழைப் பணிப்பெண்ணின் சாவுக்குக் காரணமானவள். அந்த உடலுக்குள் நல்லவள் ஒருத்தி புகுந்துவிட, வீடே திகைக்கிறது. அடிக்கும் கை அணைக்கத் தொடங்குகிறது. ஆற்று இறாலைச் சுட்டு எல்லோரோடும் பகிர்ந்து உண்கிறது. சிரிப்பு இங்கேதான் பிறக்கிறது.

சிரிப்பினூடே இத்தொடர் சாதித்த காரியம் ஒன்று உண்டு. தொடர் முடிந்த பின்னும் மக்கள் பழங்கால உடை உடுத்திக்கொண்டு அயோத்தியாவின் வாட் சாய்வத்தனாராம் ஆலயத்துக்குத் திரண்டு சென்றார்கள். 'ஓர்சாவ்' என்று பழைய முன்னிலைச் சொல்லால் ஒருவரையொருவர் அழைத்து மகிழ்ந்தார்கள். வழக்கொழிந்த ஒரு சொல்லை நாட்டின் நாவுக்கு மீட்டுத் தந்த கலையை எளிதென்று தள்ளிவிட முடியாது.

இந்தக் கதைக்களம் நமக்கு அந்நியமானதும் அன்று. நாராய் மன்னர் 1656 முதல் 1688 வரை ஆண்டவர். நம் உமறுப் புலவரும் வள்ளல் சீதக்காதியும் வாழ்ந்த காலம் அது. சோழமண்டலக் கரையின் பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து சூலியா வணிகர்கள் துணியேற்றிக்கொண்டு, அன்று சயாம் நாட்டின் வசமிருந்த மெர்குயி, தெனாசரிம் துறைகளுக்குச் சென்று வந்தார்கள். ஈரானின் கும் நகரிலிருந்து வந்து அயோத்தியா அரசில் உயர்பதவி பெற்ற ஷெய்கு அஹ்மதிடமிருந்து தொடங்கியதாகக் கூறப்படும் 'சூலாராஜமொந்திரி' பதவி, தாய்லாந்து முஸ்லிம்களின் தலைமைப் பதவியாக இன்றும் நீடிக்கிறது. 1688இல் அரண்மனைப் புரட்சி மூண்டு, மன்னரின் நம்பிக்கைக்குரிய கிரேக்கரான ஃபால்கன் கொல்லப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் பாங்காக்கைவிட்டு வெளியேறிய பிரெஞ்சுப் படை, 1689இன் தொடக்கத்தில் வந்திறங்கிய இடம் புதுச்சேரி. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள அதே புதுச்சேரிதான். தொடரின் இறுதிப் பகுதியில் நாம் காணும் புயலின் அலை நம் வாசலருகே வந்து ஓய்ந்திருக்கிறது. ஃபால்கனின் மனைவி மரியா பின்னர் அரண்மனை அடுக்களையில் பணிசெய்தார். தாய்லாந்தின் முட்டை இனிப்புகளை அவர் பெயரோடு சேர்த்தே பேசுவார்கள். அவற்றுள் ஒன்றான 'ஃபோய் தோங்', மலபார் முஸ்லிம் இல்லங்களின் முட்டைமாலைக்கு உடன்பிறப்பு. இரண்டுக்கும் தாய், போர்த்துக்கீசியர் கொண்டுவந்த பக்குவம்.

இவ்வளவு இனிமையிலும் ஒரு குறை இருக்கிறது. அது பெரிய குறை. நீரில் மூழ்கி மாண்ட அந்தப் பணிப்பெண் என்ன ஆனாள்? கதை வளர வளர அவள் பின்னுக்குப் போய்விடுகிறாள். எசமானி திருந்திவிட்ட மகிழ்ச்சியில் அவளுடைய உயிருக்கு யார் பதில் சொல்வது என்ற வினா கரைந்துபோகிறது. அடிமை முறை சயாமில் சட்டப்படி ஒழிந்தது 1905இல்தான். அந்த முறையின் கொடுமையைத் தொடர் கேலியும் கொஞ்சலுமாக மெழுகிவிடுகிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. திருந்தியவள் உண்மையில் காரகேத் அல்லள். பாவம் செய்த ஆன்மா போய்விட்டது. வேறோர் ஆன்மா வந்து நற்பெயர் ஈட்டுகிறது. மறுபிறவியும் உயிர்மாற்றமும் நம் கொள்கையல்ல என்பது ஒருபுறம் இருக்கட்டும். கதையைக் கதையாகவே கொண்டாலும் இது தவ்பா ஆகாது. தவ்பா என்பது தவறு செய்தவனே தன் காலால் நடந்து திரும்பி வருவது. இங்கே கதவு திறந்திருக்கிறது. ஆனால் அதன் வழியே நுழைபவள் வேறொருத்தி.

இரண்டாவது தொடரின் தாய்மொழிப் பெயர் 'தேக் மாய்'. புதிதாய் வந்த பிள்ளை என்று பொருள். 'கேர்ள் ஃப்ரம் நோவேர்' என்று உலகம் அறியும். 2018இல் 13 பகுதிகளும், 2021 மே மாதத்தில் நெட்ஃபிளிக்ஸ் வழியே 8 பகுதிகளுமாக வந்தது. சிச்சா அமாத்தயகுல் நடித்த நான்னோ என்னும் மாணவி, கதைக்குக் கதை வேறு வேறு பள்ளியில் சேர்கிறாள். எங்கிருந்து வந்தாள் என்று எவருக்கும் தெரியாது. அங்கு மறைந்து கிடக்கும் அழுக்கை வெளிக்கொணர்கிறாள். குற்றவாளியின் ஆசையையே கயிறாக்கி அவனைக் கட்டுகிறாள். பள்ளி போற்றும் ஆசிரியர் ஒருவர் மாணவியரிடம் முறைகேடாக நடப்பது ஒரு கதை. தம் கொடுஞ்செயலை மறைக்க மாணவர் சிலர் அவளைப் புதைத்துவிட, மறுநாள் அவள் சிரித்தபடி வகுப்பில் அமர்ந்திருப்பது இன்னொரு கதை. பார்ப்பவர் உடல் சிலிர்க்கும். இது சிறுவர்க்கு உரியதன்று என்பதை ஐயமின்றிச் சொல்கிறோம். குருதியும் வன்முறையும் மிகுதி.

ஆனால் இந்த அச்சத்தை வீண் அச்சம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இரண்டாம் பருவத்தில் 'சோட்டஸ்' என்றொரு கதை. தாய்லாந்துப் பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர் இளையவரை அடக்கி ஆளும் வரவேற்பு முறைக்கு அந்தப் பெயர். இதை வேற்று நாட்டுச் சங்கதி என்று நாம் ஒதுக்க முடியுமா? 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்ட கொடுமையைத் தென்னார்க்காட்டுச் சீமை மறந்துவிடவில்லை. அதன் பின்னரே 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. மகனைக் கல்லூரி விடுதிக்கு அனுப்பும் எந்தத் தாய்க்கும் நான்னோவின் கதை புரியும். அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை என்று நம்புகிறவர்கள் நாம். கேட்பாரற்ற அந்தக் குரலுக்கு இத்தொடர் ஒரு முகம் தந்திருக்கிறது. முதல் தொடர் மறந்துவிட்ட பணிப்பெண்ணை இந்தத் தொடர் ஒருபோதும் மறந்திருக்காது.

எனினும் இதிலும் ஒரு வாசல் அடைபட்டிருக்கிறது. நான்னோ மனிதர்களைத் திருத்த வருவதில்லை. பெரும்பாலும் சோதித்து விழச்செய்யவே வருகிறாள். வழுக்கி விழுந்தவன் எழுவதற்கு அவள் கை நீட்டுவது அரிது. இந்தக் குறையைத் தொடரை ஆக்கியவர்களே உணர்ந்திருக்கிறார்கள் போலும். இரண்டாம் பருவத்தில் யூரி என்றொரு பெண்ணை எதிர்நிறுத்துகிறார்கள். ஒரு காலத்தில் தானே கொடுமைக்கு ஆளான யூரிக்கு நான்னோவின் தண்டனையும் போதவில்லை, இரத்தமே வேண்டும். அவளுக்கு முன்னால் நான்னோவே கருணையுள்ளவளாகத் தெரிகிறாள். பழிவாங்கல் தன் வாரிசைத் தன்னைவிடக் கொடியதாகவே ஈன்றெடுக்கும் என்ற உண்மையைத் தொடர் இவ்விடத்தில் தொட்டுவிடுகிறது. அந்த இடத்திலிருந்து மன்னிப்பை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்திருந்தால் இது உயர்ந்த படைப்பாகியிருக்கும். எடுத்து வைக்கவில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். நகையும் அச்சமும் அவற்றுள் அடங்கும். ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று அவர் பிரிக்கவில்லை. இரண்டும் உள்ளத்தில் எழுந்து உடலில் தோன்றுபவை, அவ்வளவே. சிரிப்பு நம்மை உறங்கவும் வைக்கும், விழிக்கவும் வைக்கும். அச்சமும் அத்தகையதே. கியாமத்தை எண்ணி எழும் அச்சம் மனிதனைத் திருத்துகிறது. பேய்க்கதை தரும் அச்சம் விளக்கை அணைக்கத் தயங்குவதோடு நின்றுவிடுகிறது. ஆகவே சுவையை வைத்து ஒரு படைப்பை அனுமதிப்பதும் விலக்குவதும் முழுமையான தீர்ப்பாகாது.

அப்படியானால் அளவுகோல் யாது? நாம் இரு வினாக்களை முன்வைக்கிறோம். அநீதிக்கு ஆளானவரின் குரல் இக்கதையில் இறுதிவரை கேட்கிறதா? அநீதி செய்தவர் திரும்பி வர ஒரு வாசல் திறந்திருக்கிறதா? முதல் வினா அத்லு என்னும் நீதியைப் பற்றியது. இரண்டாவது ரஹ்மத் என்னும் அருளைப் பற்றியது. நம் மார்க்கம் இரண்டையும் பிரித்ததில்லை. உயிர் தொண்டைக்குழியை எட்டும்வரை தவ்பாவின் வாசல் அடைபடுவதில்லை என்கிறது. அதே வேளையில் அடியார்களுக்குச் செய்த தீங்கை அந்த அடியார்களிடமே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் வற்புறுத்துகிறது. 'புப்பே சன்னிவாத்' இரண்டாம் வினாவில் பாதி தேறி, முதல் வினாவில் தவறுகிறது. 'தேக் மாய்' முதல் வினாவில் முழுதும் தேறி, இரண்டாவதில் தவறுகிறது. சிரிக்க வைத்ததாலேயே முன்னதை ஆய்வின்றி ஏற்பதும், நடுங்க வைத்ததாலேயே பின்னதை வளர்ந்த பிள்ளைகளிடமிருந்து முற்றாக மறைப்பதும் பொருந்தா.

வளர்ந்த மகனோ மகளோ இத்தொடர்களைத் தனியறையில் பார்ப்பதைவிடப் பெற்றோரோடு இருந்து பார்ப்பதே மேல். பார்த்து முடித்ததும், அந்தப் பணிப்பெண்ணுக்கு யார் பதில் சொன்னார்கள் என்று தாய் கேட்கட்டும். நான்னோ ஒருமுறையேனும் மன்னித்திருக்கக் கூடாதா என்று தந்தை கேட்கட்டும். பிள்ளைகள் மறுத்துப் பேசினால் இன்னும் நன்று. கிஸ்ஸா வாசித்த நம் பழைய கூடத்தில் கேட்டவர்கள் வாய்மூடி இருந்ததில்லை; இடையிடையே கேள்வி கேட்டுத்தான் கதையைத் தமதாக்கிக்கொண்டார்கள்.