குரலும் விரலும்: அமெரிக்கத் தென்னகக் கிதார் மரபுகளின் ஆவணமாக்கம் – ஒரு திறனாய்வு

1. முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் அப்பலாச்சிய மலைப்பகுதியிலும் அதனைச் சூழ்ந்த தென் மாநிலங்களிலும் வழங்கும் நாட்டுப்புறப் பாடல், காஸ்பல் எனப்படும் நற்செய்திப் பாடல், புளூகிராஸ் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்த இசை மரபுகள். ஒரே குடும்பத்தார் சனிக்கிழமை இரவில் நடனத்திற்கும் ஞாயிறு காலையில் வழிபாட்டிற்கும் ஒரே கிதாரை மீட்டியதுண்டு. இம்மரபுகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தாளிலும் இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் தொகுக்கப்பட்டு வந்துள்ளன. இத்தொகுப்புப் பணியில் பாடலின் சொல் முதலிடமும் மெட்டு இரண்டாமிடமும் பெற்றன. கருவியை இசைத்த விரலும், பல வேளைகளில் அவ்விரலுக்குரிய ஆளும் விடுபட்டமையை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. வாய்மொழித் தரவைக் கையாளும் மொழியியலாருக்கும் அதனை வேற்றுமொழியில் பெயர்ப்போருக்கும் இவ்விடுபாடு உணர்த்தும் செய்தி இன்றியமையாதது.

2. தாளில் சொல், நினைவில் மெட்டு

இங்கிலாந்திலிருந்து சென்ற செசில் ஷார்ப், மாட் கார்ப்பலஸ் ஆகிய இருவரும் 1916 முதல் 1918 வரை அப்பலாச்சிய மலைகளில் பயணம் செய்து 1500க்கும் மேற்பட்ட மெட்டுகளைத் திரட்டினர். ஷார்ப் மெட்டை இசைக்குறியீட்டில் எழுத, கார்ப்பலஸ் சொற்களைச் சுருக்கெழுத்தில் குறித்தார். பணிப்பகிர்வு செம்மையானது. ஆனால் அவர்கள் தேடியது இங்கிலாந்திலிருந்து குடியேறியவர் கொண்டுவந்த பழம்பாடல்களை. துணைக்கருவியின்றிப் பாடும் குரலே அப்பழமையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. சமயப் பாடல்களில் ஷார்ப்புக்கு நாட்டம் இல்லை. இருப்புப்பாதை வழியாகவும் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல்கள் வழியாகவும் மலையூர்களை அப்போதுதான் எட்டிக்கொண்டிருந்த கிதார் அவர் தேடிய பழமையோடு பொருந்தவில்லை. தேடியது கிடைத்தது, தேடாதது ஏட்டில் ஏறவில்லை.

ஏடு விட்டதைப் பிடித்தது வணிகம். 1927ஆம் ஆண்டு சூலை இறுதியிலும் ஆகஸ்டுத் தொடக்கத்திலும் டென்னசி, வர்ஜீனியா மாநில எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில் விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பீர் 19 குழுவினரின் 76 பதிவுகளைச் செய்தார். மின் ஒலிவாங்கி அப்போது புதியது. கிதார் போன்ற மெல்லொலிக் கருவியைத் தெளிவாகப் பிடிக்க அது உதவிற்று. எர்னஸ்ட் ஃபிப்ஸ் குழுவினரின் தூய்மைச் சபைப் பாடல்களும், ஆல்ஃபிரெட் கார்ன்ஸ் தாமே கருவியிசைத்துப் பாடிய நற்செய்திப் பாடல்களும், கார்ட்டர் குடும்பத்தாரின் முதற்பதிவுகளும் இவற்றுள் அடங்கும். மேபெல் கார்ட்டர் கட்டைவிரலால் கனத்த தந்திகளில் மெட்டை மீட்டி, மற்ற விரலால் மெல்லிய தந்திகளைத் தடவித் தாளம் காட்டும் முறை இப்பதிவுகளால் நாடெங்கும் பரவியது. விற்பனைக்காகச் செய்யப்பட்ட பதிவு, ஆய்வுக்காகச் செய்யப்பட்ட தொகுப்பினும் ஒருவகையில் முழுமையான சான்றாயிற்று.

ஆனால் வணிகத்துக்கும் தனக்கேயுரிய விடுபாடு உண்டு. இசைத்தட்டுக்குப் புதிய பாடல்கள் தேவைப்பட்டமையால் ஏ. பி. கார்ட்டர் ஊரூராகச் சென்று பழம்பாடல்களைத் தேடினார். 1920களின் இறுதியில் அவருக்கு அறிமுகமான லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கிதார் கலைஞர் இப்பயணங்களில் உடன் சென்றார். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். ரிடில் மெட்டை நினைவில் பதித்துக்கொள்வார். வீடு திரும்பியபின் ரிடிலின் நினைவிலிருந்தே குடும்பத்தார் மெட்டைக் கற்றனர். மேபெல் அவரிடமிருந்து விரல்நுட்பமும் கற்றார். ஷார்ப், கார்ப்பலஸ் இணையரின் பணிப்பகிர்வே இங்கும் நிகழ்ந்தது. வேறுபாடு ஒன்றுதான். தாளில் எழுதியவர் பெயர் உரிமைப் பதிவேட்டில் ஏறியது. நினைவில் சுமந்தவர் பெயர் இசைத்தட்டின் எந்த மூலையிலும் இல்லை. 1965இல் மைக் சீகர் தேடிச் சென்று ரிடிலின் பாடலையும் மீட்டலையும் பதிவு செய்தார். அப்பதிவுகள் பொதுமக்கள் கைக்கு இசைத்தொகுப்பாக வந்தது 1993இல்தான்.

3. பெயர் பெற்ற பாணி, பெயரிழந்த ஆள்

பாணிகளுக்குப் பெயரிடும் முறையிலும் இவ்விடுபாடு தொடர்கிறது. கட்டைவிரல் அடித்தந்திகளை மாறிமாறித் தட்ட, ஆள்காட்டி விரல் மேல்தந்திகளில் மெட்டை மீட்டும் மேற்குக் கென்டக்கி முறை இன்று 'டிராவிஸ் மீட்டல்' என வழங்குகிறது. மெர்ல் டிராவிஸ் அதனை மோஸ் ரேகர், ஐக் எவர்லி ஆகியோரிடம் கற்றார். அவர்களுக்கு அது கென்னடி ஜோன்ஸ் வழி வந்தது. அவருக்கு முன்னே நிற்பவர் 1886இல் பிறந்து 1931இல் மறைந்த ஆர்னல்ட் ஷூல்ட்ஸ் என்னும் கறுப்பினச் சுரங்கத் தொழிலாளர். புளூகிராஸ் இசையைத் தோற்றுவித்தவரும் தம் குழுவின் பெயரால் அதற்குப் பெயர் தந்தவருமான பில் மன்ரோ, சிறுவயதில் நடன நிகழ்ச்சிகளில் ஷூல்ட்ஸின் பிடிலுக்குத் துணையாகக் கிதார் வாசித்ததைப் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார்.

ஷூல்ட்ஸின் இசை ஒரு வினாடிகூடப் பதிவாகவில்லை. பதிவானவரின் பெயரே பாணியின் பெயராயிற்று. ஆகவே 'டிராவிஸ் மீட்டல்' என்னும் தொடரைத் தோற்றத்தைச் சுட்டும் பெயராகக் கொள்ளாது, பதிவைச் சுட்டும் பெயராகவே கொள்ள வேண்டும். ஒரு மொழியின் சொல்லுக்கு முதற்கல்வெட்டுச் சான்று கிடைக்கும் ஆண்டை அச்சொல் பிறந்த ஆண்டாகக் கொள்ளும் பிழையோடு இதனை ஒப்பிடலாம்.

4. எழுத்துக்கூட்டலில் மறைந்த இலக்கணம்

சொல்லுக்கே முதலிடம் தந்த தொகுப்புகள் சொல்லையேனும் உள்ளவாறு காத்தனவா என்பது அடுத்த வினா. அப்பலாச்சிய ஆங்கிலத்தில் '–இங்' ஈற்றுத் தொடர்வினை வடிவத்தின் முன் 'அ' போன்றொலிக்கும் அழுத்தமற்ற அசையொன்று வருவதுண்டு. பதிப்பாளருள் சிலர் இதனைப் பழமைச் சுவையெனப் பேணினர். சிலர் கொச்சையென நீக்கினர். இரு சாராரும் இதனை அணியாகவே கண்டனர். 1976இல் வால்ட் வுல்ஃப்ரம், டோனா கிறிஸ்டியன் ஆகியோர் வெளியிட்ட அப்பலாச்சியப் பேச்சு பற்றிய ஆய்வு இம்முன்னொட்டுக்கு விதி உண்டு என நிறுவியது. வடிவம் வினையாக நிற்கும்போதுதான் முன்னொட்டு வரும். பெயராகவோ பெயரடையாகவோ நிற்கும்போது வராது. முதலசையில் அழுத்தமில்லாத வினையும் அதனை ஏற்பதில்லை. எனவே அதனை நீக்கிய பதிப்பாளர் நீக்கியது சுவையை மட்டுமன்று, இலக்கணத்தையும்தான்.

இங்கு எதிர்த்திசைப் பிழை ஒன்றும் உண்டு. பாடலில் இவ்வசை சந்தத்தை நிரப்பவும் பயன்படும். ஆகவே பாடல்வரியில் அது காணப்படுவதால் மட்டும் பாடியவரின் பேச்சிலும் அவ்விடத்தில் அது வரும் என முடிவு செய்தல் கூடாது. கிதாரின் தாளத்தோடு சேர்த்துக் கேட்டால் அன்றி, அசை எங்கு இலக்கணத்தால் வந்தது, எங்குச் சந்தத்தால் வந்தது எனப் பிரித்தறிய இயலாது. விரலின் பதிவு குரலின் இலக்கணத்துக்கும் சான்றாகும் இடம் இது.

மற்றொரு சிக்கல் கண்ணுக்கான கிளைமொழி எழுத்து. 'அண்ட்' என்னும் இணைப்புச் சொல்லின் இறுதி மெய் விரைந்த பேச்சில் கற்றோர் நாவிலும் தேய்வதே. அதனை மலைவாணர், கறுப்பினத்தார் ஆகியோரின் பாடலில் மட்டும் தேய்ந்த வடிவில் எழுதினால், காதுக்கு எல்லார்க்கும் பொதுவானது கண்ணுக்குச் சிலரின் குறையாகத் தோன்றும். நாட்டுப்புறவியலார் பேச்சை எழுத்தில் பெயர்க்கும் முறையை 1982இல் ஆராய்ந்த டென்னிஸ் பிரெஸ்டன், இத்தகைய எழுத்துக்கூட்டல் ஒலியியல் செய்தி எதனையும் தராமல் பேசுபவரின் மதிப்பை மட்டும் தாழ்த்துகிறது எனக் காட்டினார். இதனை மறுத்து எழுதியோரும் உளர். எனினும் ஒலியைக் காட்ட விரும்புவோர் ஒரு சாராருக்கு மட்டும் ஒலியைக் காட்டுதல் முறையன்று என்னும் அவரது அடிப்படைக் கருத்து வலுவுடையது.

5. குறியீடு காட்டுவதும் மறைப்பதும்

ஜான் லோமாக்சும் ஆலன் லோமாக்சும் களத்தில் பதிவு செய்த இசைத்தட்டுகளிலிருந்து, 1941இல் வெளியான அவர்களது நூலுக்காக மெட்டுகளைக் குறியீட்டில் எழுதியவர் இசையமைப்பாளர் ரூத் கிராஃபோர்ட் சீகர். ஒரே தட்டைப் பன்முறை கேட்டு, கண்ணிக்குக் கண்ணி மாறும் மெட்டில் எதை எழுதுவது என அவர் ஆராய்ந்தார். ஒரு மெட்டை ஒருமுறை எழுதி, எல்லாக் கண்ணிகளையும் அதன்கீழ் அடுக்குவதே அச்சு வழக்கம். அவ்வாறு எழுதப்படும் மெட்டு, பாடகர் பாடிய எந்தக் கண்ணிக்கும் முற்றும் பொருந்தாமல் போகலாம். இச்சிக்கல்களை விளக்கி அவர் எழுதிய பகுதி நூலுக்கு மிக நீண்டதாகிவிட்டது. அவர் 1953இல் மறைந்தார். அப்பகுதி தனிநூலாக அச்சேறியது 2001இல். விளைவு அச்சாகி, முறை அச்சாகாமல் அறுபது ஆண்டுகள் கழிந்தன.

அவருடைய கணவர் சார்ல்ஸ் சீகர் 1958இல் இசையெழுத்தை விதிப்பெழுத்து, விளக்கெழுத்து என இரண்டாகப் பகுத்தார். இனி எவ்வாறு இசைக்க வேண்டும் எனக் காட்டுவது முன்னது. ஒருவர் எவ்வாறு இசைத்தார் எனக் காட்டுவது பின்னது. மரபறிந்தவருக்கு முன்னது போதும், அறியாதவருக்குப் போதாது. ஒலியனியல் எழுத்துக்கும் ஒலியியல் எழுத்துக்கும் உள்ள உறவை அறிந்தோர்க்கு இப்பகுப்பு எளிதில் விளங்கும்.

கிதாரைப் பொறுத்தவரை பாடல் நூல்களின் வழக்கம் இவ்விரண்டிலும் குறைந்தது. சொல்லுக்கு மேலே சுரக்கூட்டைக் குறிக்கும் ஓர் எழுத்து மட்டும் இடப்படும். அவ்வெழுத்து எந்தத் தந்தி முதலில் ஒலித்தது, எந்த விரல் மீட்டியது என்பவற்றைக் கூறாது. புளூகிராஸ் பாடலில் லெஸ்டர் ஃபிளாட் அடியின் இறுதியில் அடித்தந்திகளிலிருந்து மேலேறி முடிக்கும் சிறு ஓட்டம் ஒன்று அவர் பெயராலேயே அறியப்படுகிறது. அடி முடிந்தது, அடுத்தவர் தொடங்கலாம் என்பதைக் குழுவினருக்கும் கேட்போருக்கும் அது உணர்த்துகிறது. பேச்சில் முறைமாற்றத்தைக் காட்டும் இடைச்சொல்லின் பணியை அது செய்கிறது எனலாம். ஓரெழுத்துக் குறியீட்டில் இவ்விடைச்சொல் முற்றும் மறைந்துவிடுகிறது.

டேப்லேச்சர் எனப்படும் விரல்நிலைக் குறியீடு இக்குறையைப் பெரிதும் போக்குகிறது. ஆறு கோடுகள் ஆறு தந்திகளைக் குறிக்க, கோட்டின்மேல் உள்ள எண் தந்தியை எந்தப் படியில் அழுத்துவது எனக் காட்டும். ஒலியை எழுதாமல் செயலை எழுதுவதால் ஒலிப்புமுறை ஒலியியலுக்கு இது நெருக்கமானது. தென் கரோலினாவில் 1896இல் பிறந்த கேரி டேவிஸ் அடிகளார் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் ஆகிய இரண்டால் மட்டுமே மீட்டிய நற்செய்திப் பாடல்கள், பின்னர் நியூயார்க்கில் அவரிடம் பயின்ற மாணவர்களால் இக்குறியீட்டில் எழுதப்பட்டன. டேவிஸ் பார்வையற்றவர். செவியாலும் தொடுகையாலும் வாழ்ந்த கலை கண்ணால் கற்கும் கலையாக மாறியது. பாடலின் இடையே அவர் ஒரு சொல்லை வாயால் கூறாது நிறுத்த, கிதார் அச்சொல்லின் மெட்டைக் கூறி முடிக்கும் இடங்கள் உண்டு. சொல்லை மட்டும் எழுதிய ஏட்டில் அது வெற்றிடம். விரலை மட்டும் எழுதிய ஏட்டில் அது வெறும் சுரம். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அது ஒரு வாக்கியம்.

6. ஆவணம் மாற்றிய மரபு

மொழித் தகவலாளர் ஆய்வாளர் முன்னிலையில் தம் பேச்சை மாற்றிக்கொள்ளும் சிக்கலை வில்லியம் லபாவ் நோக்குநரின் முரண் என்றார். வட கரோலினாவின் டாக் வாட்சன் வரலாறு இதற்கு இசைத்துறைச் சான்று. 1960இல் கிளாரன்ஸ் ஆஷ்லியின் பாடல்களைப் பதிவு செய்யச் சென்ற ரால்ஃப் ரின்ஸ்லர் அங்கு வாட்சனைச் சந்தித்தார். வாட்சன் அப்போது உள்ளூர் நடனக் குழுவொன்றில் மின்கிதார் வாசித்துவந்தார். மின்கிதார் நாட்டுப்புறப் பதிவுக்குப் பொருந்தாது எனக் கருதிய ரின்ஸ்லர், மரக்கிதாருக்கு அவரை அழைத்து வந்தார். உலகம் அறிந்த வாட்சன் அம்மரக்கிதார்க் கலைஞரே.

ஆனால் அவர் புகழுக்குக் காரணமான கலை, அதாவது பிடிலுக்குரிய விரைவு மெட்டுகளைத் தட்டைத் துண்டால் கிதாரில் மீட்டுவது, பிடில் கலைஞர் இல்லாத அந்த நடனக் குழுவில் மின்கிதாரில் செம்மையுற்றது. ஆய்வாளர் தூய்மையின் பெயரால் விலக்கிய கருவியே மரபின் புதிய கிளைக்குத் தொட்டிலாக இருந்தது. கிளாரன்ஸ் ஒயிட், டோனி ரைஸ் ஆகியோரிடம் புளூகிராஸ் கிதார் தாளத்துணை நிலையிலிருந்து முன்னணிக் கருவியாக வளர்ந்தமைக்கு வாட்சனின் முறை வழிவகுத்தது. ரின்ஸ்லரின் பணி பெரிது. அவரின்றி வாட்சன் அவ்வட்டாரத்திலேயே நின்றிருக்கக்கூடும். எனினும் தாம் மாற்றியது இது எனப் பதிவோடு சேர்த்துக் குறிப்பதும் ஆவணத்தின் பகுதியே.

7. முடிவுரை

இம்மரபின் பாடலொன்றைத் தமிழில் பெயர்ப்பவர் முன் அச்சிட்ட கண்ணிகளே இருக்கும். மலைவாணர் பேச்சுக்கு ஈடாக ஏதேனும் ஒரு தமிழ் வட்டார வழக்கைத் தேர்ந்து பெயர்த்தல் எளிய வழியாகத் தோன்றும். அவ்வாறு செய்தால் பிரெஸ்டன் சுட்டிய பிழை இருமடங்காகும். மலைவாணரோடு அவ்வட்டாரத் தமிழரும் தாழ்ந்து தோன்றுவர். மாறாக, கண்ணிகளுக்கு இடையே கிதார் தனித்து ஒலிக்கும் இடங்களையும், குரல் நிற்கக் கருவி முடிக்கும் இடங்களையும் பெயர்ப்பில் குறித்துக் காட்டலாம். பாடியவர் யார், அவர் யாரிடம் கற்றார், எழுதியவர் எதனை விட்டார் என்னும் மூன்று செய்திகளும் பாடலின் தலைப்பில் இடம்பெறலாம்.

ஒரு தொகுப்பின் தரத்தை அதிலுள்ள பாடல்களின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் போதாது. அது தன் விடுபாடுகளை எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதும் அளவுகோலாக வேண்டும். கார்ட்டர் எழுதிய தாள்களைவிட ரிடிலின் நினைவு குறைந்த ஆவணமன்று. அதனை ஆவணமென மதிக்கும் முறை அன்று இல்லை. அம்முறையை வகுப்பதற்கு வேண்டிய கருவிகளான ஒலியியல் எழுத்தும் களப்பணி அறமும் பேச்சுமுறை ஆய்வும் மொழியியலாரிடமே உள்ளன.