கார்போகமும் சிறுபோகமும்

“மச்சான், உங்க மலையில தேயிலையை விட்டா வேற என்ன விளையப்போகுது?” என்று, 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கையை விட்டுக் கோத்தகிரிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்து உறவினர் ஒருவர், சென்ற ஆடியில் நான் அங்கே போயிருந்தபோது கேட்டார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பின்புறத்திலே கரட்டும் லீக்ஸும் போட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த மலையகத்துத் தாய்மாரை அறிந்தவன் அக்கேள்வியைச் சும்மா விடலாகாது.

தென்மேற்குப் பருவமழை நீலகிரி, மலையகம் ஆகிய இரு மலைகளுக்கும் பொது. உதகையில் 1820களில் ஜான் சல்லிவனும், நுவரெலியாவில் 1848இல் சாமுவேல் பேக்கரும் பயிரிட முனைந்த சீமைக் காய்கறிகளே அங்கே பீன்ஸ், முட்டைக்கோஸ் என்றும், எங்களிடத்தில் போஞ்சி, கோவா என்றும் வழங்குகின்றன. சித்திரையில் ஊன்றி மழையோடு வளர்க்கும் உருளைக்கிழங்கு அவர்களுக்குக் கார்போகம், எங்களுக்குச் சிறுபோகம். பிளம்ஸ், பேரி இவ்விரண்டிலும் குன்னூர்ப் பக்கத்தாருக்கே முதன்மை என்பதை ஒப்புகிறேன்.

குளிரும் ஈரமும் நாட்கணக்கில் நீடித்தால், உருளைக்கிழங்கின் இலைநுனி வெந்நீர் பட்டதுபோல் கறுத்து, அடிப்புறத்தில் வெண்பூசணம் படர்ந்து, சில தினங்களில் பாத்தி முழுவதும் அழுகிச் சாய்கிறது. அந்நோய்க்கும் நூற்புழுவுக்கும் ஈடுகொடுக்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகம் நீலகிரியாருக்கு வாய்த்திருப்பது பாக்கியமே.

ஆயினும் மழைக்காலத் தோட்டத்துக்கு ரகத்தினும் வடிகாலே பிராணன். உதகைச் சாலையோரம் நான் கண்ட தோட்டங்கள் பலவற்றில் பாத்திகள் சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக ஓடின. நீர் விரைந்து வடியும், வாஸ்தவம், ஆனால் மேல்மண்ணும் உடன் போகும். எங்களவரோ, தேயிலை மலையிலே தலைமுறை தலைமுறையாகக் கான் என்னும் வடிகால் வெட்டிப் பழகியவர்களாதலால், பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே, ஒரு முனை சற்றே தாழ அமைப்பார்கள். நுவரெலியாவிலும் மண்ணரிப்பு உண்டே என்பார்கள். அது பெருநிலத்தில் உருளைக்கிழங்கு போடுவோரின் காரியம், லயத்துத் தோட்டத்தினதன்று.

லீக்ஸ் நாற்றைப் பள்ளத்தில் நட்டு, தண்டு உயர உயர மண்ணணைத்துக்கொண்டே வந்தால்தான் வெண்பாகம் நீளும். பள்ளத்தில் நீர் தேங்கினால் அடி அழுகிவிடும். ஆகையால், ஆனி ஆடி மழையில் கொழுந்தெடுத்துத் திரும்பும் பெண்கள், தலையில் போட்ட சாக்கைக்கூட எடுக்காமல், இருட்டுமுன் கான் முனையைத் திறந்துவிட்டு, அடியில் படிந்த வண்டலை வழித்து மறுபடியும் பாத்திமேல் போடுவது எங்களூரில் நித்தியக் காட்சி. மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் ஏராளமாய்க் குவிந்திருந்தது. லீக்ஸ் என் கண்ணில் படவில்லை. கொழும்புச் சந்தையிலோ அம்மழைமாதங்களிலும் நுவரெலியா லீக்ஸ் லொறி லொறியாக வந்திறங்குகிறது.